சமனிலிகளைத் தீர்க்க எந்த வழி: குறி அட்டவணையா, வரைபா, வர்க்கிப்பதா?

உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுக்கும் மாணவருக்குச் சமனிலி, அதாவது இரண்டு கோவைகளில் எது பெரிது, எது சிறிது என்று சொல்லும் கூற்று, புதிய பாடமன்று. ஏகபரிமாணச் சமனிலி ஒன்றைத் தீர்த்து எண் கோட்டில் குறிப்பதையும், தெக்காட்டின் தளத்தில் ஒரு பிரதேசத்தை நிழற்றுவதையும் அவர் சாதாரண தரத்திலேயே பழகியிருப்பார். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தெரியாக் கணியம் பின்னத்தின் கீழுள்ள பகுதி எண்ணுக்குள் போய்விடுகிறது. அல்லது, மறைப் பெறுமானத்தையும் நேராக்கிவிடும் | | என்ற மட்டுக் குறிக்குள் அடைபட்டு வருகிறது. பாடசாலையில் ஆசிரியர் ஒரு வழியைக் காட்டுகிறார். பின்னேர ரியூசனில் இன்னொரு வழி வருகிறது. அண்ணனோ அக்காவோ விட்டுச் சென்ற பழைய கொப்பியில் மூன்றாவது வழி இருக்கிறது. மூன்றும் சரியானவையே. ஆயினும் மூன்றையும் அரைகுறையாகக் கற்றுவைத்து, வினாவைக் கண்டதும் எதிலிருந்து தொடங்குவதென்று தயங்கி நிற்கும் பிள்ளைகளை யாழ்ப்பாணத்தின் எந்த ரியூட்டறியிலும் காணலாம். அந்தத் தெரிவைச் செய்வதற்கு உதவும் ஓர் ஒப்பீடாக இதனை எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்ன வடிவில் வரும் சமனிலிகளுக்குக் குறி அட்டவணையும், மட்டுச் சமனிலிகளுக்கு வரைபும் முதல் தெரிவாக இருக்க வேண்டும். இருபுறமும் வர்க்கிப்பது ஒரேயொரு வகை வினாவுக்கு மட்டும் உரியது. இதற்கான காரணங்களில் நேரமும் ஒன்று. இணைந்த கணிதம் முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் பத்து வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். அனைத்துக்கும் விடையளிக்க வேண்டும். பி பகுதியில் ஏழு வினாக்களில் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளிகள். ஆக 1000 புள்ளிகளுக்கு மூன்று மணித்தியாலம். புள்ளிக்கு ஏற்ப நேரத்தைப் பங்கிட்டால் ஏ பகுதியின் ஒரு வினாவுக்கு நாலரை நிமிடமே கிடைக்கிறது. ஏ பகுதியில் வரும் சமனிலி வினாவை அந்த நாலரை நிமிடத்துக்குள் முடிக்கக்கூடிய வழியும், முடித்தபின் விடையைச் சரிபார்க்க இடம் தரும் வழியுமே நமக்குத் தேவை.

தட்டச்சு வசதி கருதித் தெரியாக் கணியத்தை க எனவும், நிலைக்குத்து அச்சின் மாறியைச் ச எனவும் குறிக்கிறேன். கொப்பியில் மாணவர் வழக்கம்போல் எக்ஸ், வை என்றே எழுதிக்கொள்ளலாம்.

ஏகபரிமாணச் சமனிலியில் தெரிவு என்று ஒன்றில்லை. 7 − 3க ≥ 1 என்றால் −3க ≥ −6. மறை எண்ணால் வகுக்கும்போது குறி திரும்பும் என்பதால் க ≤ 2. எண் கோட்டில் 2 இல் நிரப்பிய வட்டம், இடப்புறம் நோக்கிய அம்பு, அவ்வளவுதான். இங்கே கற்ற ‘மறையால் பெருக்கினால் குறி திரும்பும்’ என்ற விதியே அடுத்து வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

(க + 3)/(க − 1) < 2 என்ற சமனிலியை எடுத்துக்கொள்வோம். சமன்பாட்டில் செய்வதுபோல் பகுதி எண்ணால் இருபுறமும் பெருக்கினால் க + 3 < 2க − 2 ஆகி, க > 5 என்று விடை வரும். ஆனால் க = 0 எனப் பிரதியிட்டால் இடப்பக்கம் −3; அது 2 இலும் சிறியது. அப்படியானால் 0 உம் ஒரு தீர்வுதான். அதை நமது விடை விழுங்கிவிட்டது. க − 1 நேரா மறையா என்று தெரியாமல் பெருக்கியதன் விளைவு இது. இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, வகை பிரித்தல். க > 1 எனில் பகுதி எண் நேர், குறி திரும்பாது, க > 5 கிடைக்கும். க < 1 எனில் பகுதி எண் மறை. குறி திரும்பி க + 3 > 2க − 2, அதாவது க < 5 கிடைக்கும். ஆனால் நாம் க < 1 என்ற வகைக்குள் நிற்பதால் இரண்டுக்கும் பொதுவானது க < 1. முடிவில் க < 1 அல்லது க > 5. இந்த வழி நேர்மையானது, அடிப்படை விதிக்கு மிக அருகில் நிற்பது. ஆயினும் ஒவ்வொரு வகைக்குள்ளும் ‘மேலும்’, வகைகளுக்கிடையே ‘அல்லது’ என்ற தருக்கத்தைப் பிசகாமல் எழுத வேண்டும். க < 5 என்பதைக் கண்டவுடன் அதையே விடையாக எழுதிவிட்டு, வகையின் நிபந்தனையோடு சேர்த்துப் பார்க்க மறப்பது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது. பகுதி எண்ணில் இரண்டு காரணிகள் வந்துவிட்டால் வகைகள் மூன்றாகி, பக்கமும் நிறைந்துவிடும்.

இரண்டாவது, பகுதி எண்ணின் வர்க்கத்தால் பெருக்குவது. (க − 1)² ஒருபோதும் மறையாகாது என்பதால் குறி பற்றிய கவலை இல்லை. (க + 3)(க − 1) < 2(க − 1)² என எழுதி, அடைப்புகளை விரிக்காமல் பொதுக் காரணியை வெளியே எடுத்தால் (க − 1)(5 − க) < 0. வேகமான வழிதான். இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. விரித்து எழுதும் பழக்கமுள்ளவர் பகுதி எண் இருபடியாக இருக்கும்போது நான்காம் படிக் கோவை ஒன்றில் சிக்கிக்கொள்வார். அதைவிடப் பெரியது, வினா < என்பதற்குப் பதிலாக ≤ என்று வரும்போது நேர்வது. அப்போது பெருக்கிக் கிடைக்கும் (க − 1)(5 − க) ≤ 0 என்பதை க = 1 நிறைவு செய்கிறது; மூலச் சமனிலியிலோ க = 1 இல் கோவைக்கு வரையறையே இல்லை. பெருக்கும்போது ‘க ≠ 1’ என்று ஓரத்தில் எழுதி வைக்காதவர் அந்த ஒரு புள்ளியை விடையில் சேர்த்துவிடுவார்.

மூன்றாவது, குறி அட்டவணை. எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து ஒரே பின்னமாக்கினால் (5 − க)/(க − 1) < 0. காரணிகள் பூச்சியமாகும் இடங்கள் 1, 5. எண் கோடு மூன்று ஆயிடைகளாகப் பிரிகிறது. ஒவ்வோர் ஆயிடையிலும் 5 − க, க − 1 ஆகியவற்றின் குறிகளை எழுதி, கீழே ஈவின் குறியை எழுதினால் மறை, நேர், மறை என்று வருகிறது. மறை வரும் இடங்களே தீர்வு. ஒருவர் இதை இயந்திரத்தனமான வேலை என்று குறை கூறலாம். பரீட்சை மண்டபத்தில் அந்த இயந்திரத்தனமே இதன் பலம் என்பது என் கருத்து. எதையும் பெருக்கவில்லை, எதையும் ஒழிக்கவில்லை. பகுதி எண் அட்டவணையில் தனி வரியாக நிற்பதால் 1 என்ற நிரலுக்குக் கீழே ‘வரையறையில்லை’ என்று எழுதக் கை தானாகவே போகும். காரணிகள் கூடினாலும் வரிகள் மட்டுமே கூடும்.

ஆனால் குறி அட்டவணையை வாய்ப்பாடாக்கிவிடும் போக்கு ஒன்றுண்டு. வலப்பக்க ஆயிடையில் நேர் என்று போட்டு, இடப்புறமாக மறை, நேர், மறை என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போவது அது. மேலே பார்த்த உதாரணத்திலேயே வலப்பக்க ஆயிடையின் குறி மறை. 5 − க என்பதில் தெரியாக் கணியத்தின் குணகம் மறையாக இருப்பதே காரணம். இன்னும் தெளிவான எதிருதாரணம் (க + 1)(க − 2)²/(க − 4) ≥ 0. இதில் க − 2 இரட்டைப்படையில் நிற்பதால் 2 ஐக் கடக்கும்போது குறி மாறாது. −1 க்கும் 4 க்கும் இடையில் கோவை மறையாகவே இருக்கிறது. ஆயினும் சரியாக 2 இல் அது பூச்சியம். எனவே தீர்வு க ≤ −1, க > 4 ஆகியவற்றோடு க = 2 என்ற தனிப் புள்ளியும் சேர்ந்தது. மாற்றி மாற்றிக் குறியிடுபவர் ஓர் ஆயிடையையே தவறாகச் சேர்ப்பார். கவனமாகக் குறியிடுபவர்கூட அந்தத் தனிப் புள்ளியை விட்டுவிடக்கூடும். ஆயிடைகளுக்கு மட்டுமன்றி அவற்றின் முனைகளுக்கும் அட்டவணையில் தனி நிரல் ஒதுக்குவதே இதற்கு மருந்து.

நான்காவது, வரைபு. (க + 3)/(க − 1) என்பதை 1 + 4/(க − 1) என்று எழுதினால், க = 1, ச = 1 ஆகியவற்றை அணுகுகோடுகளாக, அதாவது நெருங்கிச் சென்றும் தொடாத கோடுகளாக, கொண்ட வளைவு ஒன்று மனதில் தோன்றும். ச = 2 என்ற கோடு அதை க = 5 இல் வெட்டுகிறது. வலக் கிளை 5 க்கு அப்பால் கோட்டின் கீழே இறங்குகிறது. இடக் கிளை முழுவதும் கோட்டின் கீழேயே கிடக்கிறது. விடை ஏன் இரண்டு துண்டாக வருகிறது என்பதை வேறெந்த வழியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. எனினும் இத்தகைய வினாவுக்கு வரைபை முதல் வழியாக நான் பரிந்துரைக்கமாட்டேன். அணுகுகோடு, கிளைகளின் போக்கு, அச்சுகளை வெட்டும் இடங்கள் என்று அந்த வளைவைச் சரியாகக் கீறும் வேலை சமனிலியைத் தீர்க்கும் வேலையைவிடப் பெரிதாகிவிடும். வினாவிலேயே வரைபு கேட்கப்பட்டிருந்தால் வேறு கதை.

மட்டுச் சமனிலிக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. |2க − 5| > க − 1 என்பதைப் பாருங்கள். இடப்பக்கத்தின் வரைபு (5/2, 0) இல் முனையைக் கொண்டு நிலைக்குத்து அச்சை 5 இல் வெட்டும் இரண்டு நேர்கோட்டுத் துண்டுகள். வலப்பக்கம் 1 இல் கிடையச்சை வெட்டி ஏறும் ஒரு நேர்கோடு. கீறுவதற்கு அடிமட்டமும் அரை நிமிடமும் போதும். கோடு இரண்டு துண்டுகளையும் வெட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. வலத் துண்டுக்கு 2க − 5 = க − 1 எனத் தீர்த்தால் க = 4; இடத் துண்டுக்கு 5 − 2க = க − 1 எனத் தீர்த்தால் க = 2. மட்டு வரைபு கோட்டுக்கு மேலே நிற்கும் பகுதிகள் க < 2, க > 4. வெட்டுப்புள்ளிகளைச் சமன்பாட்டால் கண்டு, திசையை வரைபால் முடிவு செய்யும் இந்தக் கூட்டு வேலையில் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. படத்திலிருந்தே வெட்டுப்புள்ளியை வாசிக்க முயல்பவர் 2 ஐ 1.9 என்று வாசிப்பார். சமன்பாட்டை மட்டும் நம்புபவர் விடை 2 க்கும் 4 க்கும் நடுவிலா வெளியிலா என்று தடுமாறுவார்.

அண்மைக்கால வினாத்தாள்களில் இவ்வகை வினா பெரும்பாலும் இரண்டு படியாக வருவதும் வரைபின் பக்கமே தட்டைச் சாய்க்கிறது. ஒரே படத்தில் இரண்டு வரைபுகளையும் வரையச் சொல்லிவிட்டு, அதிலிருந்தோ வேறு வழியாகவோ ஒரு சமனிலியைத் தீர்க்கச் சொல்வார்கள். வேறு வழிக்கு அனுமதி உண்டுதான். ஆனால் வரைபு எப்படியும் வரைந்தாக வேண்டியது, அதற்கும் புள்ளி உண்டு. வரைந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு வகை பிரிக்கத் தொடங்குவது கைக்கு வந்ததைக் கீழே போடுவதாகும். சில வேளைகளில் கேட்கப்படும் சமனிலி வரைந்த சமனிலியாக இராமல் சற்று மாறியிருக்கும். எடுத்துக்காட்டாக |4க − 5| > 2க − 1 என்று கேட்டால், அது முன்னைய சமனிலியில் க இருந்த இடத்தில் 2க வைத்தது என்பதைக் கண்டுகொண்டால் போதும்: 2க < 2 அல்லது 2க > 4, எனவே க < 1 அல்லது க > 2. மீண்டும் ஒரு கோடும் கீற வேண்டியதில்லை.

வர்க்கிக்கும் வழியைப் பலர் விரும்புவதற்குக் காரணம், மட்டுக் குறி ஒரே அடியில் மறைந்துவிடுவதே. அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. |2க − 1| < க − 2 என்பதை இருபுறமும் வர்க்கித்தால் 4க² − 4க + 1 < க² − 4க + 4. சுருக்கினால் க² < 1. அதாவது −1 < க < 1 என்று மிக அழகான விடை கிடைக்கிறது. க = 0 என்று போட்டுப் பார்த்தால் 1 < −2 என்று வருகிறது. உண்மையில் இந்தச் சமனிலிக்குத் தீர்வே இல்லை. வலப்பக்கம் மறையாக இருக்கும் இடத்தில் வர்க்கித்ததால் −2 என்பது 4 ஆகிப் பொய்யான பெருமை பெற்றுவிட்டது. வரைபு கீறியவருக்கு இந்தச் சந்தேகமே எழாது. முனை (1/2, 0) இல் இருக்கும்போது கோடு அதற்கு ஒன்றரை அலகு கீழே கிடக்கிறது, அங்கிருந்து வலம் போனாலும் இடம் போனாலும் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. சுவையான ஒன்று என்னவெனில், முன்னர் பார்த்த |2க − 5| > க − 1 ஐ வர்க்கித்தால் சரியான விடையே கிடைக்கும். சில வினாக்களில் பலித்து, சிலவற்றில் காலை வாரும் வழி எப்போதும் தவறும் வழியைவிட ஆபத்தானது.

இருபக்கமும் மட்டாக இருந்தால் மட்டும் வர்க்கிப்பதற்கு முதலிடம் தருவேன். |க − 4| < |2க + 1| இல் இருபக்கமும் மறையாக முடியாது. வர்க்கித்து, விரிக்காமல் வர்க்க வித்தியாசமாக எழுதினால் (க + 5)(3க − 3) > 0. எனவே க < −5 அல்லது க > 1. இரண்டு வரிகளில் வேலை முடிந்தது. இதற்கு இரண்டு மட்டு வரைபுகளைக் கீறிக்கொண்டிருப்பது வீண் வேலை.

மட்டுகளின் கூட்டுத்தொகை வரும்போது இன்னொரு வழி இருக்கிறது. அது பாடக்குறிப்புகளில் போதிய இடம் பெறுவதில்லை என்பது என் மனக்குறை. |க − 1| + |க + 2| < 5 என்பதை வழக்கமாக மூன்று வகைகளாகப் பிரித்தே செய்கிறார்கள். மட்டு என்பது எண் கோட்டில் தூரம் என்று கொண்டால், 1 இலிருந்தும் −2 இலிருந்தும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை 5 இலும் குறைய வேண்டும் என்பதே வினா. காங்கேசன்துறை வீதியில் மூன்று கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு பஸ் தரிப்பிடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே எங்கு நின்றாலும் இரண்டு தூரங்களின் கூட்டுத்தொகை மூன்றுதான். வெளியே ஒரு கிலோமீற்றர் நகர்ந்தால் கூட்டுத்தொகை இரண்டு கிலோமீற்றர் கூடும். ஆகவே ஐந்தை எட்டும்வரை ஒவ்வொரு பக்கமும் ஒரு கிலோமீற்றர் மட்டுமே வெளியே போகலாம்: −3 < க < 2. வகை பிரித்துச் செய்தாலும் இதே விடைதான் வரும். புள்ளித்திட்டத்துக்காக வகைகளையே எழுதினாலும், விடையை முன்கூட்டியே அறிந்துகொண்டு எழுதுவது எவ்வளவோ மேல்.

இரண்டு மாறிகள் வந்துவிட்டால் போட்டியே இல்லை, வரைபுதான். கோண்டாவிலில் செம்மண் தோட்டம் செய்யும் ஒருவரிடம் 12 பரப்புக் காணி இருக்கிறது என்றும், வெங்காயத்துக்குப் பரப்புக்கு 6 ஆள்நாளும் மிளகாய்க்கு 3 ஆள்நாளும் தேவை என்றும், மொத்தம் 54 ஆள்நாளே கிடைக்கும் என்றும் ஒரு கணக்கை அமைப்போம். வெங்காயம் க பரப்பு, மிளகாய் ச பரப்பு எனில் க + ச ≤ 12, 2க + ச ≤ 18, இரண்டும் மறையாகா. எல்லைக்கோடுகள் (6, 6) இல் வெட்டுகின்றன. பொருந்தும் பிரதேசம் (0, 0), (9, 0), (6, 6), (0, 12) என்ற உச்சிகளைக் கொண்ட நாற்பக்கல். வெங்காயத்தில் பரப்புக்கு 5 பங்கும் மிளகாயில் 4 பங்கும் இலாபம் என்றால், ஏகபரிமாணக் கோவையின் உச்சப் பெறுமானம் ஓர் உச்சியிலேயே அமையும் என்பதால் நான்கு புள்ளிகளைச் சோதித்தால் போதும்: 0, 45, 54, 48. ஆறு பரப்பு வெங்காயம், ஆறு பரப்பு மிளகாய். மூன்றாவது பயிர் ஒன்று சேர்ந்தால் தாளில் கீற முடியாது. மாறிகள் பலவாகும் இத்தகைய கணக்குகளுக்கென்றே அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோர்ஜ் டான்ட்சிக் 1947 இல் வரைபின் உதவியின்றி உச்சியிலிருந்து உச்சிக்கு நகரும் முறையை வகுத்தார்.

பிரதேசத்தை நிழற்றும்போது எந்தப் பக்கம் என்பதில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ‘பெரிது என்றால் மேலே, சிறிது என்றால் கீழே’ என்பது ஒன்று. ஒரு சோதனைப் புள்ளியைப் பிரதியிட்டுப் பார்ப்பது மற்றது. முதலாவதைக் கைவிடுவதே நல்லது. 3க − 2ச > 6 இல் குறி ‘பெரிது’ என்கிறது. ச ஐத் தனிமைப்படுத்தினால் ச < 3க/2 − 3 ஆகி, பிரதேசம் கோட்டுக்குக் கீழே அமைகிறது. உற்பத்திப் புள்ளியைப் பிரதியிட்டால் 0 > 6 பொய்; எனவே அது இல்லாத பக்கம். கோடு உற்பத்தியினூடாகச் சென்றால் மட்டும் வேறொரு புள்ளியை எடுக்க வேண்டும். சமன் சேராத சமனிலிக்கு எல்லைக்கோட்டை முறிகோடாக வரைவதும் எண் கோட்டில் வெற்று வட்டம் இடுவதும் ஒரே செய்தியைச் சொல்பவை.

கடைசியாக, கையால் கீறுவதா, கைபேசியில் கீறுவதா என்ற கேள்வி. ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் போன்ற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சமனிலியைத் தட்டினால் பிரதேசத்தை நிழற்றி, தேவையான இடத்தில் முறிகோடும் இட்டுக் காட்டுகின்றன. கோட்டின் படித்திறனை நகர்த்தி நகர்த்தி, எப்போது தீர்வு இரண்டு துண்டாகிறது, எப்போது இல்லாமலே போகிறது என்று பார்ப்பதற்கு இவற்றைவிட நல்ல கரும்பலகை இல்லை. ஆயினும் பரீட்சை மண்டபத்துக்குள் கைபேசி போகாது. அதைவிட, செயலியின் படம் சொல்லாத செய்திகளும் உண்டு. (க² − 1)/(க − 1) என்பதைத் தட்டினால் இடைவெளியே இல்லாத நேர்கோடு ஒன்றுதான் திரையில் தெரியும்; க = 1 இல் கோவைக்குப் பெறுமானமில்லை என்பது சாதாரணப் பார்வைக்குப் புலப்படாது. அந்தக் கோவை 3 ஐ விடச் சிறியது என்ற சமனிலிக்குத் திரையைப் பார்த்து எழுதினால் க < 2 என்று வரும்; குறி அட்டவணையில் 1 என்ற நிரலைத் திறந்தவர் க < 2, க ≠ 1 என்று எழுதுவார். ஆகவே முதலில் கையால் செய்துவிட்டு, பிறகு செயலியில் ஒப்பிட்டு, இரண்டும் வேறுபட்டால் எந்தப் புள்ளியில் வேறுபடுகின்றன என்று அந்த எண்ணை மூலச் சமனிலியில் பிரதியிட்டுப் பார்ப்பதே வீட்டில் பயிற்சி செய்பவருக்கு நான் சொல்லும் ஒழுங்கு.